விரல் அசைந்தால் எலும்பு முறியவில்லை என்று அர்த்தமில்லை

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் கையை ஊன்றி விழுந்தால் முதலில் கேட்பது, "விரலை அசைச்சுக் காட்டு" என்றுதான். அசைந்துவிட்டால் "சுளுக்குதான்" என்று தீர்ப்பும் சொல்லி, எண்ணெயைச் சுடவைத்து நீவத் தொடங்கிவிடுவோம். இது தவறு. விரலை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. எலும்பில் விரிசல் இருந்தாலும் அவை விரலை இழுக்கத்தான் செய்யும்.

கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு குழி தெரியும். விழுந்தபின் அங்கே அழுத்தி வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் கண்டிப்பாகப் போங்கள். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காவிட்டால் எலும்பு கூடாமலே போகலாம்.

என்னை அதிகம் பதறவைப்பது பிள்ளைகளுக்குப் போடும் இறுக்கமான கட்டு. கொய்யா மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே வீக்கம் ஏற ஏற, கட்டு இடம் கொடுக்காது. தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். பிள்ளை இரவெல்லாம் அழும். "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்வோம். அப்படிச் சொல்லாதீர்கள். மாத்திரைக்கும் அடங்காத வலி, விரலை மெல்ல நிமிர்த்தினாலே அலறல், மரத்துப்போதல், விரல் வெளிறுதல், இதில் ஒன்று இருந்தாலும் ஆபத்துதான். நாடி துடிக்கிறதே என்று நம்பியும் இருக்கக் கூடாது. சுமார் 6 மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கி, விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். 1881-லேயே வோல்க்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்துவிட்டார். கட்டை அவிழ்த்தால் எலும்பு விலகிவிடுமே என்று தயங்க வேண்டாம்; விலகிய எலும்பைச் சரிசெய்யலாம், செத்த தசையை மீட்க முடியாது. உடனே தளர்த்திவிட்டு, நடுராத்திரியானாலும் 108-ஐ அழைத்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ, எலும்பு டாக்டர் இருக்கும் வேறு இடத்துக்கோ போங்கள்.

அரிவாள் வெட்டு வேறு கதை. வாழைத்தார் வெட்டும்போது விரலில் பட்ட காயம் சின்னதாகத் தெரியும். காப்பித்தூளை அப்பிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் நரம்பும் அறுந்திருக்கலாம். தையல் போடுமுன், ஒவ்வொரு மூட்டும் தனியாக மடங்குகிறதா, விரலின் இரு பக்கமும் தொட்டால் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபின் இதைச் சோதிக்க முடியாது. அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்தாலும் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்.

விரலே துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள்.

அப்புறம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பலர், ராத்திரி கை மரத்துப்போவதை வாயு என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் நரம்பு ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை (ஸ்பிளின்ட்) போட்டாலே பலருக்குக் குறையும். கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றத் தொடங்கிவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.