வீட்டுக் கம்ப்யூட்டரில் வொர்க்குரூப் மாற்றுவது எப்படி? மாற்றியும் தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. கடையில் அப்பாவின் பில்லிங் கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. மாடியில் என் லேப்டாப், விண்டோஸ் 11. இரண்டும் ஒரே வைஃபையில்தான் ஓடுகின்றன. ஆனாலும் தினமும் ராத்திரி ஸ்டாக் கணக்கை பென் டிரைவில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பா படியேறி வருவார். அவருக்கு முட்டிவலி. போன தீபாவளிக்கு எம்.சி. ரோட்டுக் கூட்டம் ஓய்ந்து ஷட்டரை இறக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. அன்றைக்கும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே இதைச் சரி செய்ய உட்கார்ந்தேன்.

கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்தால், முன்பு சர்வீஸ் செய்தவர் வொர்க்குரூப் (ஒரே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு வைக்கும் குழுப் பெயர்) இடத்தில் தன் கடைப் பெயரைப் போட்டு வைத்திருந்தார். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழக்கமாக வரும் பெயர் 'வொர்க்குரூப்' என்பதேதான். பழைய எக்ஸ்பி ஹோமில் மட்டும் 'எம்எஸ்ஹோம்' என்று இருக்கும். ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பில் இதைத் தொடாதீர்கள். அது டொமைனில் (ஆபீஸ் சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) சேர்ந்திருந்தால், வொர்க்குரூப்புக்கு மாற்றியதும் ஆபீஸ் லாகின் போய்விடும்.

மாற்றும் வழி

விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்-ஒய்-எஸ்-டி-எம், ஒரு புள்ளி, சி-பி-எல் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். செட்டிங்ஸ் வழியாகவும் போகலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு பதிப்பிலும் மெனுவை இடம் மாற்றுகிறார்கள், இந்தப் பழைய பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

'கம்ப்யூட்டர் நேம்' பக்கத்தில் கீழே உள்ள 'சேஞ்ச்' பட்டன். அதற்கு மேலே இருக்கும் 'நெட்வொர்க் ஐடி' நமக்கு வேண்டாம். 'வொர்க்குரூப்' கட்டத்தில் புதுப் பெயரை அடித்து ஓகே கொடுத்தால், வரவேற்று ஒரு செய்தி வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். பெயர் 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். கம்ப்யூட்டரின் பெயரையே வொர்க்குரூப்புக்கும் வைக்க முடியாது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே வொர்க்குரூப் பெயரைப் போடுங்கள்.

மாற்றியும் தெரியவில்லை

எனக்கும் லேப்டாப்பின் நெட்வொர்க் பட்டியலில் கடைக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. வொர்க்குரூப் என்பது வெறும் பெயர்ப்பலகை. அது வேறாக இருந்தாலும் ஃபைல் போகும், ஒன்றாக இருந்தும் கதவு சாத்தியிருந்தால் போகாது. அந்தக் கதவு வைஃபை அமைப்பில் இருக்கிறது. வைஃபை ப்ராபர்ட்டீஸில் 'பப்ளிக்' என்றிருப்பதை இரண்டு கம்ப்யூட்டரிலும் 'பிரைவேட்' ஆக்குங்கள். 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். பிறகு சர்வீசஸ் பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதைத் தேடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். தன் பெயரை நெட்வொர்க்கில் அறிவிப்பது இதுதான்.

சிலர் எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையின் பழைய வடிவம்) ஆன் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பில் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

என்னை இரண்டு நாள் உட்காரவைத்த இடம்

கடைக் கம்ப்யூட்டர் தெரிந்தது. கிளிக் செய்தால் யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டது. அப்பா தினமும் அடிக்கும் நாலு இலக்க பின் நம்பரைப் போட்டேன், தவறு என்றது. என் லேப்டாப் பாஸ்வேர்டு, அதுவும் தவறு. கேட்பது ஃபோல்டரைப் பகிரும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை. பின் நம்பரோ அந்த ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் உள்ளே விடாது.

கடைக் கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல், 'ஸ்டாக்' என்று தனி யூசர் ஒன்றை பாஸ்வேர்டோடு உருவாக்கினேன். ஸ்டாக் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஷேரிங். அங்கே அந்த யூசருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்தேன். லேப்டாப்பில் யூசர் நேம் கேட்கும்போது கடைக் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு \ குறி, பிறகு ஸ்டாக். ஃபோல்டர் திறந்துகொண்டது. கீழே போய் அப்பாவிடம் ஒரு வரி மாற்றி சேவ் செய்யச் சொன்னேன். மேலே வந்து பார்த்தால் மாறியிருந்தது.

இன்னும் பட்டியலில் வராவிட்டால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\ போட்டு, ஒட்டினாற்போல் கம்ப்யூட்டர் பெயரை அடியுங்கள். பல நேரம் இதுவே போதும்.

பிறகு சேர்த்தது: திருவொற்றியூரிலிருந்து ஒருவர் எல்லாம் செய்தும் வரவில்லை என்று எழுதினார். மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் போட்டிருக்கிறார். கீழே 192.168.1 என்று தொடங்கும் முகவரி, மேலே 192.168.0. ஆக, இரண்டும் தனித்தனி நெட்வொர்க். இரண்டாவது ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) ஆஃப் செய்து, கேபிளை வேன் (WAN) போர்ட்டிலிருந்து எடுத்து லேன் (LAN) போர்ட்டில் செருகச் சொன்னேன். அந்த 1.2 முகவரி வேறு எந்தக் கருவிக்கும் போயிருக்கக் கூடாது, அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான், முதன்மை வைஃபைக்கு மாறிவிடுங்கள்.