பூமி நடுக்கத்த எண்ணிக் கணக்குப் போடுறது எப்பிடி?

வெள்ளவத்தையில ஏலெவல் பிள்ளைகளுக்கு மெத்ஸ் சொல்லிக் குடுக்கிறன். டிசம்பர் 26 கிட்ட வந்தா யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேக்கும், "சேர், 2004ல சுமாத்ராவில வந்த 9.1 மாதிரி இனி எப்ப வரும்?" நாள் குறிச்சுச் சொல்ல ஏலாது, ஆனா எந்த அளவில எத்தினை வரும் எண்டு கணக்குப் போடலாம், கொப்பியும் கல்குலேட்டரும் போதும்.

சமன்பாடு: லொக் N = a − bM (லொக் எண்டா அடி 10 மடக்கை). குட்டன்பேர்க், ரிக்டர் எண்ட ரெண்டு நிலநடுக்க ஆய்வாளர்கள் 1944ல கலிபோர்னியா நடுக்கங்கள வச்சு எழுதினது. M எண்டுறது நடுக்கத்திண்ட பருமன், அந்த 9.1 மாதிரி. a, b ரெண்டும் லிஸ்ட்ல இருந்து நாங்கள் கண்டுபிடிக்கிற எண்கள், b எண்டா கிராப்பில கோடு கீழ இறங்கிற சரிவு. N எண்டா அந்தப் பருமனும் அதுக்கு மேல வந்ததும் எல்லாம் சேத்த எண்ணிக்கை, இத மறந்தா முழுக்கப் பிழைக்கும்.

ஸ்டெப் 1: யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனம்) வெப்சைட்ல ஒரு இடத்தையும் காலத்தையும் குடுத்தா லிஸ்ட் எக்ஸெல்ல திறக்கிற மாதிரி இறங்கும். பழகுறதுக்கு நான் சும்மா போட்ட எண்கள், 10 வருசத்துக்கு: 3க்கு மேல 1500, 4க்கு மேல 800, 5க்கு மேல 100, 6க்கு மேல 10.

ஸ்டெப் 2: அடி 10க்கு மடக்கை எடுங்கோ. 3.18, 2.90, 2.00, 1.00.

ஸ்டெப் 3: கிராப் கீறுங்கோ, M கீழ, மடக்கை நிமிர்ந்து. கடைசி மூண்டு புள்ளியும் கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டில நிக்கும், முதல் புள்ளி மட்டும் கீழ விழுந்து கிடக்கும். அது ஏனெண்டா சின்ன நடுக்கத்த தூரத்தில இருக்கிற கருவிகள் பிடிக்கிறேல்ல, நடக்காம இல்ல, லிஸ்ட்ல இல்ல. அந்தப் புள்ளிய விட்டுருங்கோ, பிள்ளைகள் நாலையும் சேத்துக் கோடு இழுக்கிறது இங்கதான்.

ஸ்டெப் 4: b = (2.90 − 1.00) ÷ 2 = 0.95. a = 2.90 + 0.95 × 4 = 6.70. இப்ப M = 7 போட்டா 0.05 வரும், அதாவது N கிட்டத்தட்ட 1.1, பத்து வருசத்துக்கு சராசரியா ஒண்டு. நாலு புள்ளியையும் எக்ஸெல்ல போட்டு ட்ரெண்ட்லைன் எடுத்துப் பாருங்கோ, b 0.74க்கு இறங்கி அதே 7 இரண்டரை தரம் வரும் எண்டு சொல்லும்! லிஸ்ட்ல விடுபட்ட குட்டி நடுக்கங்கள் பெரிய நடுக்கத்திண்ட கணக்கையே குழப்பிப் போடுது.

b உலகத்தில அநேகமான இடத்தில 1க்குக் கிட்டத்தான் இருக்கு, பருமன் ஒரு படி ஏறினா எண்ணிக்கை பத்தில ஒண்டாகும். சக்தியோ படிக்கு 32 மடங்கு கூடுது. "சின்னன் சின்னனா வந்து போனா பெரிசு வராது" எண்டு எங்கட ஆக்கள் கதைக்கிறது அதாலதான் பிழை: ஒரு 7ண்ட சக்திக்கு ஆயிரம் 5 வேணும், வாறது நூறு அளவுதான்.

உண்மையான லிஸ்ட்ல செய்யேக்க 5க்கு மேல மட்டும் எடுத்துத் தொடங்குங்கோ, b என்ன வந்தது எண்டு கீழ எழுதுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்.