ரீசர்க்குலேட்டிங் ப்ளோ-ஆஃப் வால்வு: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

டர்போ காரில் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலின் பட்டாம்பூச்சித் தகடு மூடிக்கொள்ளும். டர்போவின் சக்கரம் உடனே நிற்காது. அது தள்ளிக்கொண்டே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லாததால், அழுத்தம் திரும்பி வந்து கம்ப்ரஸர் சக்கரத்தின் மேலேயே மோதும். "சுடு-சுடு-சுடு" என்று படபடக்கும் அந்தச் சத்தம்தான் சர்ஜ். சக்கரத்தின் வேகம் விழுகிறது, தண்டை முன்னும் பின்னும் அசையாமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் அடி வாங்குகிறது, அடுத்த கியரில் பூஸ்ட் ஏறத் தாமதமாகிறது. ப்ளோ-ஆஃப் வால்வு இந்தக் காற்றுக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது.

காற்றை வெளியே விடுவதா, இன்டேக் குழாய்க்கே திருப்புவதா என்பதை உங்கள் காரின் சென்சார்தான் தீர்மானிக்கும். ஏர் ஃபில்டரை ஒட்டி, உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், அதைக் கடந்த காற்று முழுவதும் எஞ்சினுக்குள் போகிறது என்று ஈசியூ (எஞ்சினை நிர்வகிக்கும் கணினி) கணக்கிட்டு அதற்கேற்ற பெட்ரோலை விடும். கியர் மாற்றும் அந்த நொடியிலும் டர்போ சென்சார் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே விட்டால் எண்ணிய காற்று காணாமல் போகும், பெட்ரோல் மட்டும் வந்து சேரும். கரும்புகை, கியர் மாற்றத்தில் குலுக்கல், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோவது எல்லாம் இதனால்தான். மேனிஃபோல்ட் (த்ராட்டிலுக்குப் பின் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்த்தொகுதி) அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் கார்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சென்சார் வால்வைத் தாண்டி, த்ராட்டிலுக்குச் சற்று முன் இருக்கும் அமைப்பிலும் இல்லை. ஆனாலும் அவற்றுக்குக்கூட, காற்றை இன்டேக்குக்கே திருப்பும் ரீசர்க்குலேட்டிங் வால்வையே பரிந்துரைப்போம். காற்று ஃபில்டரைத் தாண்டி ஏற்கனவே உள்ளே வந்ததுதான், சுற்றில் விட்டால் சத்தமும் குறைவு. டீசல் எஞ்சினில் கால் எடுத்ததும் காற்றை அடைக்கும் த்ராட்டில் வேலை கிடையாது, அதனால் இந்த வால்வே தேவையில்லை.

வால்வைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் தவறுவது ஸ்பிரிங்கில். "1.5 பார் பூஸ்ட் ஓட்டுகிறேன், கடினமான ஸ்பிரிங் வேண்டும்" என்று கேட்பது பரவலான பழக்கம். வால்வு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது ஏன் பொருந்தாது என்பது தெரியும். வழக்கமான வால்வில் அடிப்பக்கத்தை, டர்போவிலிருந்து த்ராட்டிலுக்குக் காற்று வரும் சார்ஜ் பைப்பின் அழுத்தம் மேலே தள்ளுகிறது. மேல் அறைக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிறு குழாய் வருகிறது. த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான், அது 0.5 பாரோ 2 பாரோ. மேலறையின் பரப்பு பெரிதாக இருப்பதால் பூஸ்ட் ஏற ஏற வால்வு இன்னும் இறுக்கமாக மூடும். ஸ்பிரிங் தாங்க வேண்டியது குழாயில் ஏற்படும் சிறு அழுத்த வித்தியாசத்தை மட்டுமே.

காலை எடுத்ததும் மேலே வேக்குவம், கீழே பூஸ்ட். 25 மி.மீ. வாய் கொண்ட வால்வின் பரப்பு சுமார் 490 சதுர மி.மீ. கீழே 1 பார், மேலே 0.7 பார் வேக்குவம் என்றால் மொத்த வித்தியாசம் 1.7 பார். வாயின் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே 83 நியூட்டன் விசை. நகரப் போக்குவரத்தில் 0.2 பார் பூஸ்டில் காலை எடுத்தால் அதே விசை 45 நியூட்டனுக்கும் கீழே போகலாம். கடினமான ஸ்பிரிங் போட்ட வால்வு பெரிய பூஸ்டில் திறக்கும், தினசரி ஓட்டத்தில் திறக்காமல் படபடக்கும். டர்போ அதிக நேரம் இருப்பது அந்தத் தினசரி ஓட்டத்தில்தான்.

அதனால் ஸ்பிரிங்கை ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) வேக்குவத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஏசியும் விளக்குகளும் அணைந்த நிலையில் மேனிஃபோல்டில் கேஜ் மாட்டி அளக்கவும். கம்பெனி கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள ஆரோக்கியமான எஞ்சின் 18 முதல் 22 அங்குல பாதரசம் காட்டும், அதாவது 60 முதல் 75 கிலோபாஸ்கல். ரேஸ் கேம் போட்டிருந்தால் 10 முதல் 14 அங்குலம்வரை விழலாம். அந்த எண்ணுக்கு நேராக எந்த ஸ்பிரிங் என்று வால்வு தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். இரண்டு ஸ்பிரிங்குக்கு நடுவில் விழுந்தால் மென்மையானதை எடுங்கள். வெளியே விடும் வால்வு ஐடிலில் திறந்தால் எண்ணாத காற்றும் தூசியும் உள்ளே வரும். ரீசர்க்குலேட்டிங் வால்வு ஐடிலில் கொஞ்சம் திறந்திருந்தாலும் காற்று மூடிய சுற்றிலேயே இருப்பதால் பாதிப்பில்லை. இந்த வகையின் பெரிய சலுகை அதுதான்.

அளவு அடுத்தது. 19 மி.மீ. வாயின் பரப்பு 284 சதுர மி.மீ., 25 மி.மீ.க்கு 491, 34 மி.மீ.க்கு 908. கம்பெனி டர்போவும் ஓரளவு கூட்டிய பூஸ்டும் உள்ள இரண்டு லிட்டர் காருக்கு 25 மி.மீ. போதும். பெரிய டர்போ வைத்தால் 34 மி.மீ. பக்கம் போகலாம். தேவைக்கு மிஞ்சிய வால்வில் எடை கூடிய பிஸ்டன் இருக்கும், அது திறந்து மூட நேரம் எடுக்கும்.

டயாஃப்ரமா பிஸ்டனா? ரப்பர் சவ்வால் இயங்கும் டயாஃப்ரம் வால்வு சிறு அழுத்தத்துக்கும் உடனே அசையும், எண்ணெய் போடத் தேவையில்லை. ரப்பர் வயதாகிக் கிழிவதுதான் அதன் முடிவு, வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. பிஸ்டன் வால்வு அதிக பூஸ்டையும் சூட்டையும் தாங்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் வருடம் ஒருமுறையாவது கழற்றித் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். கம்பெனி பூஸ்டில் ஓடும் காருக்கு நல்ல டயாஃப்ரம் வால்வே போதும் என்பது எங்கள் கருத்து. பொருளையும் கவனியுங்கள். இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி எக்லிப்ஸின் பிளாஸ்டிக் வால்வு பூஸ்ட் கூட்டினால் கசியும் என்பதால் முதல் தலைமுறையின் உலோக வால்வைத் தேடி மாட்டுவது அந்தக் காரை வைத்திருப்பவர்களிடையே வழக்கமாயிற்று.

ஃபோக்ஸ்வாகன், ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐ போன்ற எஞ்சின்களில் வால்வு டர்போவின் உடம்பிலேயே இருக்கும், ஈசியூ அதை மின்சாரத்தால் திறக்கும். அதைப் பிடுங்கி வேக்குவம் வால்வு போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்தச் சொலினாய்டை (மின்காந்த இயக்கியை) வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் டயாஃப்ரத்துக்குப் பதில் பிஸ்டன் தரும் கிட் வாங்குவது நல்லது.

எங்கே வைப்பது

டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, த்ராட்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே. மூடிய தகட்டில் மோதும் காற்று அங்கேயே வழி கண்டுவிடும். டர்போவை ஒட்டிய சூடான குழாயில் வைத்தால் இரண்டு நட்டம். ரப்பரும் ஓ-ரிங்கும் சீக்கிரம் காய்ந்துபோகும். இன்டர்கூலருக்கு முந்தைய அழுத்தம் மேனிஃபோல்டைவிடக் கூடுதல், அந்த வித்தியாசத்தையும் ஸ்பிரிங் தாங்க வேண்டிவரும்.

குழாய் வேலை

தேவையானவை: வால்வு, அதன் ஃப்ளேஞ்சும் (போல்ட் போடும் தட்டை விளிம்பு) ஓ-ரிங்கும், சார்ஜ் பைப்பில் பற்றவைக்க அதே உலோகத்தில் அடாப்டர், இன்டேக் குழாயில் சேர்க்க ஒரு கிளைக்குழாய், வால்வின் வெளிவாய் அளவில் நூல் அடுக்கு வைத்த சிலிகான் ஹோஸ், 4 அல்லது 5 மி.மீ. உள்விட்டமும் தடித்த சுவரும் உள்ள வேக்குவம் ஹோஸ் ஒரு மீட்டர், கிளாம்ப்கள்.

சார்ஜ் பைப்பைக் காரிலிருந்து கழற்றிய பிறகுதான் துளையிட வேண்டும். காரிலேயே துளைத்தால் உலோகத்தூள் நேராக எஞ்சினுக்குள் போகும். முதலில் வால்வை டேப் போட்டு ஒட்டி வைத்து, பானெட் மூடுகிறதா, எஞ்சின் குலுங்கும்போது எதிலும் இடிக்காதா என்று பார்த்துக் குறியிடுங்கள். துளை அடாப்டரின் உள்விட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். பற்றவைக்கும்போது ஃப்ளேஞ்ச் வளைந்துபோவது சாதாரணமாக நடப்பது. தடித்த உலோகத்துண்டு ஒன்றை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கி, இடம் மாற்றி மாற்றிச் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, முழுவதும் ஆறிய பிறகே துண்டைக் கழற்ற வேண்டும். பிறகு நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய எமரித்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். அலுமினியத்தில் எம்6 போல்ட்டுக்கு 8 நியூட்டன்-மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் மரை உருவிக்கொள்ளும்.

திரும்பும் குழாய் சென்சாருக்குப் பிறகு, கம்ப்ரஸர் வாய்க்கு முன் சேர வேண்டும். சென்சாரிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு நல்லது. கிளைக்குழாய் 30 முதல் 45 டிகிரி சாய்ந்து, அதன் வாய் டர்போவை நோக்கி இருக்கட்டும். செங்குத்தாகவோ சென்சாரை நோக்கியோ வைத்தால் பீறிட்டு வரும் காற்று சென்சார்வரை பின்னோக்கிப் போகும். சாதாரண ஹாட்-வயர் சென்சாருக்குக் காற்று எந்தத் திசையில் போகிறது என்று தெரியாது, ஒரே காற்றை இரண்டு முறை எண்ணிவிடும். வெளியே விடும் வால்வில் வரும் அதே கரும்புகையும் தடுமாற்றமும் இங்கேயும் வரும். பலர் வால்வைத்தான் சந்தேகப்படுவார்கள், பழுது இருப்பது கிளையின் கோணத்தில்.

இந்தக் குழாயை எந்த இடத்திலும் வால்வின் வெளிவாயைவிடச் சிறிதாக்காதீர்கள். கிராங்க்கேஸ் ப்ரீதர் ஹோஸில் (எஞ்சின் அடிப்பகுதியின் ஆவி வெளியேறும் குழாயில்) சேர்க்கவும் கூடாது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அந்த அழுத்தம் எஞ்சினின் அடிவயிற்றுக்குப் போய் எண்ணெய் சீல்களைத் தள்ளும்.

வேக்குவம் ஹோஸ் தனியாக, குட்டையாக இருக்க வேண்டும். அரை மீட்டருக்குள் அடங்கினால் நல்லது. எடுக்கும் இடம் த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டின் பொதுவான பெட்டிப் பகுதி. ஒரே ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையிலிருந்து எடுத்தால் துடிப்புதான் வரும். பூஸ்ட் கேஜ், ஃப்யூயல் ரெகுலேட்டர் இவற்றோடு டி போட்டுப் பகிரவேண்டாம். ப்ரேக் பூஸ்டர் ஹோஸில் ஒருவழி வால்வைத் தாண்டி எடுத்தால் வேக்குவம் மட்டும் உள்ளே பூட்டிக்கொள்ளும், பூஸ்ட் வரவே வராது. அப்போது ப்ளோ-ஆஃப் வால்வு திறந்தே கிடக்கும். மெல்லிய சுவர் உள்ள ஹோஸ் வேக்குவத்தில் சப்பிப்போய், வால்வு தாமதமாகத் திறக்கக் காரணமாகும்.

சோதனை

பொருத்தும் முன் மேல் நிப்பிளில் கைப்பம்பால் வேக்குவம் கொடுங்கள். வால்வு தூக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். டயாஃப்ரம் வகையில் பம்ப் கேஜின் முள் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். பிஸ்டன் வகையில் மெதுவாக இறங்குவது இயல்பு.

பொருத்திய பிறகு அழுத்தச் சோதனை. சென்சாரைக் கழற்றி, இன்டேக் குழாயின் வாயை மூடி, ரெகுலேட்டர் வழியாக மெதுவாக 1 பார் வரை காற்று ஏற்றிச் சோப்புநீர் தெளிப்பதுதான் முறை. ப்ரீதர் ஹோஸை முன்கூட்டியே கழற்றி இன்டேக் பக்கத்தை அடைத்துவிடுங்கள். மூடிக்கு நேரே நிற்காதீர்கள், அது பறந்து வரக்கூடும். ரீசர்க்குலேட்டிங் அமைப்பில் இந்தச் சோதனையை அப்படியே செய்தால் வால்வின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான் இருக்கும். வால்வு எவ்வளவு கசிந்தாலும் ஒரு குமிழிகூட வராது. ஆகவே திரும்பும் ஹோஸை வால்வில் கழற்றி, இன்டேக் பக்கக் கிளையை அடைத்துவிட்டு, வால்வின் திறந்த வாயில் கை வைத்துப் பாருங்கள். த்ராட்டிலையும் திறந்து வைக்க வேண்டும். மூடியிருந்தால் மேலறைக்கு அழுத்தம் போகாது, நல்ல வால்வும் தானே திறந்து கசிவதுபோல் காட்டும்.

பிறகு வரும் கோளாறுகள்

குறைந்த வேகத்தில் காலை எடுக்கும்போது மட்டும் படபடத்தால் ஸ்பிரிங் கடினம். ஸ்பிரிங்கைச் சரிசெய்யும் திருகு வைத்த வால்வானால் மென்மையான கோடியிலிருந்து அரைச்சுற்று அரைச்சுற்றாக வாருங்கள். முழு பூஸ்டிலும் படபடத்தால் வேக்குவம் ஹோஸ் கழன்றிருக்கும், நீளம் அதிகமாக இருக்கும், அல்லது வால்வு சிறியது.

பூஸ்ட் தாமதமாக ஏறுகிறது, உச்சத்தை எட்டவில்லை, ஆனால் எங்கும் சீறல் கேட்கவில்லை என்றால் முதலில் இந்த வால்வைப் பாருங்கள். கசிவு சுற்றுக்குள்ளேயே நடக்கிறது. ஒருமுறை அழுத்திய சூடான காற்றையே டர்போ மறுபடி அழுத்துகிறது, அதே பூஸ்டுக்கு அதிக வேகம் சுழல்கிறது. சத்தமே இல்லாமல் டர்போவைத் தின்னும் கோளாறு இது.

ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) கூடுதலாக, எஞ்சின் நிலையில்லாமல் ஓடினால் திரும்பும் ஹோஸில் இன்டேக் பக்கம் வெடிப்பு இருக்கலாம். அங்கே எப்போதும் சிறிது இழுப்பு உண்டு, எண்ணாத காற்று உள்ளே போகும். பூஸ்டில் மட்டும் பெட்ரோல் அதிகமாகிறதென்றால் சார்ஜ் பைப் பக்கத்தில், பெரும்பாலும் ஃப்ளேஞ்சின் ஓ-ரிங்கில் தேடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது சிலிகான் ஹோஸ் சூட்டில் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும்.