பார்படோஸில் நான்கு இரவு, ஒரு குழந்தை, ஒரே ஒரு பெரியவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு இரவு விடுமுறை என்றால் கையில் கிடைப்பது மூன்று முழு நாள்தான். அதிலும் அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போகும்போது திட்டமிடும் முறையே மாறிவிடுகிறது. பலரும் நான்கு பேர் குடும்பத்துக்கென எழுதப்பட்ட பயணத் திட்டத்தை எடுத்து, ஒன்றிரண்டு டிக்கெட்டைக் குறைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் ஒருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவார். இங்கே இரண்டுக்கும் ஒரே ஆள். எதை முன்பதிவு செய்வதற்கு முன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் இதைச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் குழந்தை யார் கண்ணில் இருக்கும்?

கரீபியனில் முதல் முறை இப்படிப் போகிறவர்களுக்குப் பார்படோஸ் நல்ல தேர்வு. 34 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய தீவு. ஆங்கிலம் பேசுகிறார்கள், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், டொராண்டோ, நியூயார்க், லண்டன் நகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. ஆனால் வரைபடத்தில் செயின்ட் லூசியாவும் செயின்ட் வின்சென்ட்டும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால், 'அங்கேயும் ஓர் இரவு' என்று ஆசை வரும். வேண்டாம். தீவு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவது, விமான நிலையம், குடியேற்ற வரிசை, புது அறை என்று அரை நாளுக்கு மேல் போய்விடும். இருக்கும் மூன்று நாளில் ஒன்றை வரிசையில் நின்றே தீர்க்க வேண்டியிருக்கும்.

பெயர் பொருந்தாத பாஸ்போர்ட்

நம்மவர்களுக்கு இது தனிச் சிக்கல். தமிழ்ப் பெயரிடும் முறையில் குழந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பாவின் பெயர். அப்பாவோடு போனாலும் அவருடைய குடும்பப் பெயர் தாத்தாவின் பெயராக இருக்கும். ஆக, குழந்தையின் குடும்பப் பெயரும் உடன் வருபவரின் குடும்பப் பெயரும் ஒட்டாது. சிறுவர் கடத்தலைத் தடுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிக்கு நம் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் கேட்பது நியாயமான கேள்வி. பதில் நம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு தாள்கள் தேவை. ஒன்று, பெற்றோர் இருவர் பெயரும் உள்ள குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டு, வராத பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி முன் உறுதிப்படுத்திய ஒப்புதல் கடிதம். 'என் குழந்தை பயணம் செய்யச் சம்மதிக்கிறேன்' என்ற ஒற்றை வரி போதாது. மூவரின் பெயர், பாஸ்போர்ட் எண்கள், போகும் தேதி, திரும்பும் தேதி, தங்குமிட முகவரி, வராதவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கட்டும். பயண நாளில் அவர் அந்த எண்ணில் கிடைக்கவும் வேண்டும். தனிப் பொறுப்பு உங்களுடையது என்றால் நீதிமன்ற உத்தரவு, துணை மறைந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். போகும்போது யாரும் கேட்கவில்லை என்று தாள்களைப் பெரிய பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். திரும்பி வரும்போது கேட்பதும் உண்டு.

இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாகப் பார்படோஸ் போக விசா தேவையில்லை. ஆனால் விலை குறைவு என்று மயாமி வழியாக டிக்கெட் எடுத்தால் கதை வேறு. விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அமெரிக்கக் குடியேற்றத்தைக் கடந்தாக வேண்டும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அதற்கு அமெரிக்க விசா வேண்டும், குழந்தைக்கும் தனியாக. கனடாவில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) இருப்பது இதற்கு உதவாது. குவாடலூப், மார்டினிக் பக்கம் மனம் போகிறவர்களும் கவனியுங்கள். 1853 முதல் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தீவுகள் அவை. பிரான்சின் பகுதிதான் என்றாலும், ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வரவில்லை. சாதாரண ஷெங்கன் விசாவை நம்பிப் போக முடியாது.

ஒரு சின்ன விஷயம், விமான நிலையத்தில் குழந்தையை அழவைக்கும்: ராணுவச் சீருடை போன்ற பச்சைத் திட்டு அச்சுப் (கேமஃபிளாஜ்) போட்ட துணி. பார்படோஸில் பொதுமக்கள் அந்த அச்சில் எதையும் அணிவது சட்டப்படி குற்றம். சிறுவர் சட்டை, தொப்பி, பள்ளிப்பை எதற்கும் விலக்கு இல்லை.

எந்தப் பக்கக் கடல்?

ஓட்டலின் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எல்லாப் படத்திலும் கடல் நீலமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது திசை.

இங்கே ஆண்டின் பெரும்பகுதியும் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தடையில்லாமல் கடந்து வரும் அலை, தீவின் கிழக்குக் கரையில்தான் முதலில் மோதுகிறது. பாத்ஷீபா கரையின் பாறைகள் படம் எடுக்க அவ்வளவு அழகு, ஆனால் அங்கே நீந்தக் கூடாது. தென்கிழக்கில் கிரேன் கடற்கரையும் அலை வலுத்ததே. தெற்கு முனையில் சில்வர் சாண்ட்ஸ் பக்கம் காற்றில் பறக்கும் பட்டத்தைப் பிடித்துப் பலகையில் அலைமேல் சறுக்குபவர்கள் கூடும் இடம். காற்று அங்கே எப்படி இருக்கும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். மேற்குக் கரை, தீவின் உடலே காற்றை மறைத்துக்கொள்வதால், பெரும்பாலான நாள்களில் குளம்போலக் கிடக்கும். ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே, மல்லின்ஸ் எல்லாம் இந்தப் பக்கம். தலைநகர் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவும் அமைதியானது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்த வரிசையிலேயே தங்குங்கள். தெற்குக் கரையில் ராக்லி போன்ற இடங்களில் மீட்புக் காவலர்கள் இருப்பார்கள், ஆனால் சின்னக் கால்களைத் தள்ளிவிடும் அளவுக்கு அலை உண்டு.

மேற்குக் கரையும் எல்லா நாளும் சாதுவல்ல. டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கு அட்லாண்டிக்கில் எழும் புயல்களின் நீண்ட அலைகள் சில நாள் இங்கு வரை வந்து கரையைக் கலக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அந்த நாள்களுக்கென நீச்சல் குளம் உள்ள தங்குமிடமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மேற்குக் கரையைத் தேர்வதற்குச் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி இன்னொரு காரணம். 2011 முதல் இது கரீபியனில் பெருமளவில் ஒதுங்குகிறது, முக்கியமாக வசந்தம் தொடங்கிக் கோடை வரை. காற்று தள்ளிவருவதால் கிழக்கும் தெற்கும்தான் அதிகம் வாங்குகின்றன. கரையில் குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகும், அழுகிய முட்டை நாற்றம். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அது நாற்றத்தோடு நிற்காது. ஏப்ரல் முதல் ஆகஸ்டுக்குள் போவதானால், அறை பதிவு செய்யும் முன் அந்தக் குறிப்பிட்ட கரையின் சமீபத்திய படங்களைத் தேடிப் பாருங்கள்.

கரையோர மரநிழலிலும் ஓர் ஆபத்து உண்டு. மான்சினீல் என்ற மரம், சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும். காயைக் கடித்தால் வாய் வெந்துவிடும், பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். பல இடங்களில் தண்டில் சிவப்புப் பட்டை அடித்தோ பலகை வைத்தோ எச்சரித்திருப்பார்கள். 'கீழே கிடக்கும் பழத்தை எடுக்கக் கூடாது' என்று முதல் நாளே குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆமையோடு நீந்தும் படகுப் பயணம் பலரின் பட்டியலில் முதலில் இருக்கும். அங்கேதான் நான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது. முகமூடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் வைத்த மறுநொடி நீங்கள் குழந்தையைப் பார்க்கவில்லை. இருவரும் மிதவைச் சட்டை போட்டு, ஒரே மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மாறி மாறித் தலையைத் தாழ்த்துங்கள். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான், அவை கழன்றுவிடும். குழந்தை அளவில் மிதவைச் சட்டை எல்லாப் படகிலும் இருக்காது. வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது.

அறையும் தேதியும்

விடுதிகளின் 'குழந்தைக்கு இலவசம்' என்பது பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் இரண்டு பெரியவர்களோடு தங்கும் குழந்தைக்கு. பெரியவர் ஒருவர் மட்டும் என்றால், குழந்தைக்கும் பெரியவர் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. இணையத்தில் 1 பெரியவர், 1 குழந்தை என்று வயதோடு பதிந்து, கடைசிப் பக்கம்வரை போய் மொத்தத் தொகையைப் பாருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் அங்கேதான் முளைக்கும். சின்னச் சமையலறை உள்ள அறை உண்மையிலேயே கைகொடுக்கும். குழந்தை ஏழரை மணிக்குத் தூங்கிவிட்டால் நீங்கள் சாப்பிட வெளியே போக முடியாது.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. மற்றத் தீவுகளைவிடக் கிழக்கே தள்ளி இருப்பதால் பார்படோஸ் நேரடி அடி வாங்குவது குறைவு. 1955-இல் வந்த ஜேனட்டுக்குப் பிறகு 2021 ஜூலையில் எல்சா வந்தது. ஆனாலும் 2024 ஜூலை 1 அன்று தெற்கே கடந்துபோன பெரில், இங்குள்ள மீன்பிடிப் படகுகளை நொறுக்கியது. காப்பீட்டை டிக்கெட் எடுத்த கையோடு வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்கு அது செல்லாது. ஆகஸ்ட் முதல் திங்களன்று கிராப் ஓவர் திருவிழா முடிகிறது. விழா பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, அமைதி தேடி அந்த வாரம் போகாதீர்கள்.

இறங்கியதிலிருந்து இருட்டுவதற்குள்

தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது, சென்னையின் அதே அட்சரேகை. நவம்பரில் ஐந்தரைக்கே சூரியன் மறையும், ஜூனில்கூட ஆறரைக்குள். அந்திப் பொழுது நீளாது. விமான நிலையம் தெற்கே, ஹோல்டவுன் மேற்கே. போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகலாம். மாலை ஐந்துக்கு இறங்கும் விமானத்தில் போனால், பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் குழந்தையை இருட்டில் அறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மதியத்துக்குள் இறங்கும் விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன்பே தொகையைப் பேசி, எந்த நாட்டு டாலர் என்றும் கேட்டுவிடுங்கள். 1 அமெரிக்க டாலருக்கு 2 பார்படோஸ் டாலர் என்ற நிலையான மதிப்பு, இரண்டுமே புழக்கத்தில் உண்டு. '40' என்றால் எந்த 40 என்பது பாதிக்குப் பாதி வித்தியாசம். குழந்தை இருக்கை டாக்சியில் இருக்கும் என்று நம்பாதீர்கள், உங்களுடையதை எடுத்துச் செல்லுங்கள். நகரப் பேருந்து மலிவு, பாதுகாப்பானது, ஆனால் அரசுப் பேருந்தில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். வெள்ளை வேனில் ஓடும் 'இசட் ஆர்' வண்டிகள் வேகமும் நெரிசலும் பாட்டுச் சத்தமுமாகப் போகும். மடியில் குழந்தையோடு அது சரிவராது.

சென்னை வெயில்தான், ஆனால் கடற்காற்று சூட்டை மறைத்துவிடுகிறது. மாலையில் தோள் சிவந்த பிறகுதான் தெரியும். கடலுக்குப் போகும் நேரம் காலை பத்துக்குள்ளும் மாலை மூன்றுக்கு மேலும். நடுப்பகலுக்கு ஹாரிசன் குகை பொருத்தம், உள்ளே டிராம் வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள். முழுக்கை நீச்சல் சட்டை, வெளியே தெரியும் இடத்துக்கு எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. கொசு மருந்தும் பூசுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு மருந்து. டெங்கு உள்ள ஊர், அதனால் பகலிலும் பூசுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு எச்சரிக்கை. மேசைமேல் கடுகுச் சாஸ் போல மஞ்சளாக இருப்பது ஸ்காட்ச் பானட் மிளகாய்க் குழம்பு. குழந்தை தானாக ஊற்றிக்கொள்ளும் முன் தள்ளி வையுங்கள். சைவக்காரர்கள் 'ரைஸ் அண்ட் பீஸ்' என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள், உப்பிட்ட இறைச்சி சேர்த்துச் சமைப்பது வழக்கம். கேட்டு வாங்குங்கள். மக்ரோனி பை பெரும்பாலும் பால், சீஸ் வைத்துச் செய்வது, குழந்தைகளுக்கும் பிடிக்கும். வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் கடைகளுக்குப் போவதானால் ஆறு மணிக்கு முன்பே போய், கூட்டம் சேரும் முன் திரும்பிவிடுங்கள்.

நீங்களே படுத்துவிட்டால்

மருந்துப் பை கட்டும்போது எல்லோரும் குழந்தையின் காய்ச்சலைத்தான் நினைக்கிறார்கள். பாராசிட்டமால் சிரப், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதுவது, எல்லாம் சரி. உங்களுக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் என்ன செய்வது என்பதையும் ஊரிலேயே தீர்மானியுங்கள். நீங்கள் மருத்துவமனையில் சேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உறவினர் ஒருவர் பறந்து வரும் செலவு காப்பீட்டில் அடங்குமா என்று வாங்கும் முன் கேளுங்கள். பார்படோஸ் வரத் தயாராக யார் பாஸ்போர்ட் கையில் வைத்திருக்கிறார் என்பதும் முடிவாகியிருக்கட்டும்.

ஆம்புலன்ஸ் எண் 511, போலீஸ் 211. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு உங்கள் போனைத் திறக்காமலே அவசர அழைப்பு போடக் கற்றுக்கொடுங்கள். தங்குமிடத்தின் பெயர், அறை எண், ஊரில் உள்ள மற்றப் பெற்றோரின் எண், குழந்தைக்கு ஒவ்வாத மருந்து ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, நனையாத உறையில் போட்டுக் குழந்தையின் பையில் வையுங்கள். உங்கள் பையில் அல்ல.