டெரகோட்டா நகை விற்கலாமா? விலையிலிருந்து ஆரம்பியுங்கள்

களிமண்ணைச் சுட்டு டெரகோட்டா ஜிமிக்கி செய்யக் கற்றுக்கொண்டதும் பலர் முதலில் செய்வது இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து, பெயர் யோசித்து, லோகோ போடுவது. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் வீட்டிலிருந்தே விற்க நினைப்பவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் கையைக் கடிக்காது.

1. ஒரே ஒரு பொருள்

ஜிமிக்கி என்றால் ஜிமிக்கி மட்டும். ஐந்தாறு டிசைன், இரண்டு மூன்று நிறம் போதும். சௌகார்பேட்டைக்குப் போனால் மணி, கொக்கி, கல் எல்லாம் கண்ணைப் பறிக்கும். பட்டியலில் இருப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். டப்பாவுக்கும் அட்டைக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு.

2. விலை

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு ஜோடிக்குக் களிமண், பெயின்ட், வார்னிஷ், கொக்கி எல்லாம் சேர்த்து ரூ. 30, பேக்கிங் ரூ. 25 என்று வையுங்கள். உடனே "120-க்குக் கொடுத்தால் பாதிக்கு மேல் லாபம்" என்று தோன்றும். உங்கள் கூலி எங்கே? காயும் நேரத்தை விட்டாலும், உருட்டி, பெயின்ட் அடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மணிக்கு ரூ. 80 போட்டாலும் 120 வந்துவிட்டது, ஆக 175. சுடும்போது பத்தில் இரண்டு விரிசல் விடும் என்று அதற்கு ஒரு 35. போட்டோ, பதில் சொல்லும் நேரம், ஆட்டோ என்று 40. மொத்தம் ரூ. 250. அதற்குக் கீழே போனால் உங்கள் உழைப்பை இலவசமாகத் தருகிறீர்கள்.

"மண்ணுதானே, இவ்வளவா?" என்று சித்தி கேட்பார். கேட்கட்டும்.

3. போட்டோ

காலை வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போதும், டியூப்லைட் வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு புரியும். எடையைக் கிராமில் எழுதுங்கள். மண் நகை காதை இழுக்குமோ என்பதுதான் வாங்குபவரின் முதல் பயம். விலையையும் அங்கேயே போடுங்கள். "விலைக்கு டிஎம் பண்ணவும்" என்று பார்த்தால் நானே தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

4. கடை

இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் இரண்டும் இலவசம். பணம் யுபிஐ-யில் வரட்டும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பாதீர்கள். போலியாக ஒன்று தயாரிப்பது சுலபம். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

5. பதிவு

சிறுதொழில்களுக்கான உத்யம் (Udyam) பதிவை ஆதாரை வைத்து அரசுத் தளத்திலேயே இலவசமாகச் செய்யலாம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரைக்கும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கோ மும்பைக்கோ அனுப்பத் தொடங்கினால் விதி மாறும். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பார்சல்

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் காசு உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுப்பது பரவலான கணக்கு. 30 × 20 × 20 பெட்டியில் 200 கிராம் நகை வைத்தாலும் 2.4 கிலோவுக்குக் கட்ட வேண்டிவரும். ஆகவே சின்னப் பெட்டி, உள்ளே பொருள் ஆடாதபடி இறுக்கமாக. உடைந்து போனால் மாற்றித் தருவீர்களா, அதற்குப் பார்சல் பிரிக்கும் வீடியோ வேண்டுமா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

7. சீசன்

ஆர்டர் குவிவது நவராத்திரிக்கும் தீபாவளிக்கும். தீபாவளி நேரத்தில்தான் ஐப்பசி அடைமழையும். சென்னை ஈரத்தில் மண் லேசில் காயாது. உள்ளே ஈரம் இருக்கும்போதே சுட்டால் ஆவி கிளம்பி வெடித்துவிடும். அதனால் ஆவணியிலேயே உருப்படிகளைச் செய்து, காயவைத்து, சுட்டு அடுக்கிவிடுங்கள். (அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் உமி போட்டுச் சுடுவதாக இருந்தால், முதலில் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.) ஆர்டர் வந்த பிறகு கேட்ட நிறத்தில் பெயின்ட் மட்டும் அடித்தால் போதும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே "ஆர்டர் முடிந்தது" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுங்கள்.