பழைய மெஷினில் ஆர்கான் வெல்டிங் கற்று வண்டித் தகடு ஒட்டுவது எப்படி

சேட்டக், அம்பாசடர், ஜீப் என்று எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும், துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க டிக் வெல்டிங்குக்கு நிகர் இல்லை. பட்டறைகளில் இதைத்தான் ஆர்கான் வெல்டிங் என்கிறார்கள். கையில் பிடிக்கும் டார்ச்சின் நுனியில் உள்ள டங்ஸ்டன் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆர்க் என்னும் பொறி எரியும், ஆர்கான் கேஸ் அதைச் சுற்றிக் காற்றை விலக்கும். வயரே உருகி இறங்கும் மிக் வெல்டிங்கின் தையல் கெட்டியாகப் புடைத்து நிற்கும், கிரைண்டரால் அரைத்துத்தான் எடுக்க வேண்டும். டிக் தையல் மெலிதாகவும் மிருதுவாகவும் இருக்கும். அடியில் டாலி என்னும் இரும்புக் கட்டையை வைத்து மேலே சுத்தியால் தட்டினால், சூட்டில் சுருங்கிய தகடு விரிந்து பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மேடுபள்ளம் நிரப்பப் பூசும் பட்டி மிகக் குறைவாகப் போதும். இதற்கு ஈடாகப் பொறுமையும் சுத்தமும் வேண்டும். துரு, பெயின்ட், எண்ணெய் எதையும் ஆர்கான் வெல்டிங் பொறுக்காது.

மெஷின் பார்த்து வாங்குவது

பாடித் தகட்டுக்கு டி.சி. மட்டும் உள்ள 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் தாராளம். அலுமினிய இன்ஜின் கவரும் ஒட்டப் போகிறீர்கள் என்றால் மட்டுமே ஏ.சி./டி.சி. மெஷினுக்குக் காசு போடுங்கள். ராணிப்பேட்டையில் பெல் ஆலையையும் சிப்காட்டையும் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருப்பதால் இந்தப் பக்கம் பழைய மெஷின் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அப்படிக் கிடைப்பவை ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடியவையாக இருக்கலாம். அதனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

போகும்போது 6 மி.மீ. பிளேட் துண்டு ஒன்றும் புது டங்ஸ்டனும் எடுத்துப் போங்கள். டார்ச்சை பிளேட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளிப் பிடித்து சுவிட்சை அழுத்தினால், தொடாமலேயே பொறி பாய வேண்டும். பாயவில்லை என்றால் தொடாமல் பொறி தரும் ஹை ஃப்ரீக்வென்சி போர்டு போயிருக்கும், அல்லது அது தொட்டு எடுக்கும் லிஃப்ட் வகை மெஷினாக இருக்கும். லிஃப்ட் வகை பழுதல்ல, ஆனால் மெல்லிய தகட்டில் டங்ஸ்டன் முனை அடிக்கடி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து கரன்ட்டை 15 ஆம்பியருக்கு இறக்கி ஆர்க் நடுங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். விற்பவர் 200 ஆம்பியரைக் காட்டுவார், உங்களுக்கு வேண்டியது இந்த அடிமட்டம்தான். பிறகு 120 ஆம்பியரில் இரண்டு நிமிஷம் விடாமல் ஓட்டுங்கள். டிரிப் ஆனாலும், கருகிய வாடை வந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடலாம். சுவிட்சை விட்ட பிறகு 5 விநாடியாவது கேஸ் வர வேண்டும். கேபிள் சாக்கெட் கறுத்திருந்தால் லூஸ் கனெக்‌ஷனில் சூடேறியிருக்கிறது. டார்ச் ஹோஸை வளைத்து வளைத்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். டார்ச் கெட்டிருந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாம், போர்டு கெட்டிருந்தால் பேரமே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் இரும்புத் தூசியை ஊதி எடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷமாவது கழித்துத்தான் மூடியைத் திறக்கலாம். கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

மெஷினில் போட்டிருக்கும் டியூட்டி சைக்கிள் 40 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஓட்டலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் தகரக் கொட்டகைக்குள் அந்தக் கணக்கு நிற்காது, சீக்கிரமே டிரிப் ஆகும். காலை வேளையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். 40, 60 ஆம்பியர் வேலைக்கு வீட்டு 16 ஆம்பியர் பிளக்கே போதும், எர்த் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

கேஸ், டங்ஸ்டன், செட்டிங்

கேஸ் சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும். மிக் வெல்டிங்குக்குத் தரும் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸை மாட்டினால் டங்ஸ்டன் நொடியில் கருகிவிடும். 7 கன மீட்டர் சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 7 லிட்டர் வைத்தால் ஆயிரம் நிமிஷ ஆர்க்குக்கு வரும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டிவிடுங்கள்.

ஃபேனைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அது கொடுமைதான், ஆனால் மேலே காற்றடித்தால் ஆர்கான் கலைந்து தையல் முழுக்கப் பொத்தல் விழும். கேஸைக் கூட்டினால் சரியாகும் என்று 15, 18 லிட்டருக்கு ஏற்றுவது தவறு. டார்ச் நுனியில் கேஸ் வெளிவரும் சின்ன கப்பில் அவ்வளவு வேகமாக வரும் கேஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். 6-ஆம் நம்பர் கப்புக்கு 6 முதல் 8 லிட்டர் போதும்.

டங்ஸ்டன் 1.6 மி.மீ., தங்க நிறமோ நீல நிறமோ கொண்ட லாந்தனம் வகையாக வாங்குங்கள். சிவப்பில் தோரியம் உண்டு, அதைத் தீட்டும் தூசி மூச்சில் போகக் கூடாது. முனையை நீளவாக்கில் தீட்ட வேண்டும், கோடுகள் முனையை நோக்கியே ஓடட்டும். குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும். கூரான பகுதி 4 மி.மீ. நீளம் இருக்கட்டும். அந்தக் கல்லில் வேறு எதையும் தீட்டாதீர்கள்.

டார்ச் நெகட்டிவ்வில், எர்த் கிளாம்ப் பாசிட்டிவ்வில். ராடு வெல்டிங் பழகியவர்கள் வழக்கம்போல் ஹோல்டரை மாட்டும் பாசிட்டிவ்வில் டார்ச்சை மாட்டிவிடுவார்கள், முனை உருண்டு கொழகொழவென்று உருகிவிடும். கரன்ட்டுக்கு ஒரு கணக்கு: 1 மி.மீ. தகட்டுக்கு 40 ஆம்பியர். 0.8-க்கு 25 முதல் 35. கரன்ட் படிப்படியாக இறங்கும் டவுன்ஸ்லோப்பை 2 விநாடி வையுங்கள், இல்லையென்றால் முடிக்கும் இடத்தில் குழி விழுந்து விரிசல் விடும்.

கை பழகுவது

2 மி.மீ. தகட்டில் 65 ஆம்பியர் வைத்து, ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) இல்லாமல் நேர்க்கோடு போடுவதில் தொடங்குங்கள். ஆர்க் பிடித்ததும் நகராதீர்கள். முதலில் தகடு சிவக்கும், பிறகு நடுவில் பளபளவென்று உருகிய குட்டை ஒன்று தெரியும். அது 4 மி.மீ. அகலம் ஆனதும் நகர்த்துங்கள். அந்த அகலம் மாறாமல் ஓட்டுவதுதான் பாடம். டார்ச்சை 15 டிகிரி சாய்த்து, முனைக்கும் தகட்டுக்கும் 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளி கூடினால் சூடு பரவித் தகடு கோணும்.

குட்டை கைக்கு வசமான பிறகு ஃபில்லர். மெல்லிய தகட்டுக்கு 1.6 மி.மீ. ராடு தடிமன் அதிகம், அது உருகுவதற்குள் தகடு ஓட்டையாகிவிடும். ஈ.ஆர்.70எஸ்-6 மிக் வயரை 0.8 அல்லது 1 மி.மீ. அளவில் வாங்கி நிமிர்த்தி வெட்டிக்கொள்ளுங்கள். ராடை ஆர்க்கில் காட்டாமல் குட்டையின் முன் ஓரத்தில் தொட்டு எடுங்கள், ராடு நுனி கேஸை விட்டு வெளியே வரக் கூடாது. டங்ஸ்டன் குட்டையைத் தொட்டுவிட்டால் நிறுத்தித் தீட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும். இரண்டு 1 மி.மீ. துண்டுகளை ஒட்டி வைஸில் மடக்கிப் பாருங்கள். தையலில் விடாமல் தகடே மடங்கினால் வண்டியில் கை வைக்கலாம்.

சேட்டக் தரைத்தகடு

டேங்க், பேட்டரி, ஒயர் எல்லாம் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் வெல்டிங் வைக்காதீர்கள், காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, கெட்டித் தகடு வந்த இடத்திலிருந்து இன்னும் 15 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். சேஸிஸ் நம்பர் உள்ள இடத்தைத் தொடக் கூடாது. பெயின்டை இரண்டு பக்கமும் 25 மி.மீ. அகலத்துக்குச் சுரண்டி, அசிட்டோனால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். ஆர்க் வெளிச்சம் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய விஷ வாயுவாகும்.

அட்டையில் அளவெடுத்து, அதே தடிமனில் சி.ஆர். ஷீட்டை (கோல்ட் ரோல்டு இரும்புத் தகடு) வெட்டுங்கள். மூலைகளை வளைவாக எடுக்க வேண்டும், கூர் மூலை இழுத்து விரிசல் விடும். இடுக்கில் வெளிச்சம் லேசாகத் தெரியும் அளவுக்கு ஒட்டி உட்கார வேண்டும், இங்கே செலவழிக்கும் நேரம் பின்னால் மிச்சமாகும். அடியில் 3 மி.மீ. செப்புப் பட்டை கொடுத்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும். தகட்டை நிறுத்தி வைக்கும் டேக் என்னும் புள்ளி வெல்டிங் ஒரு விநாடிதான். எதிரெதிர்ப் பக்கமாக அடித்து, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து 20 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பிறகு 20 மி.மீ. நீளத் தையல், டாலி வைத்துத் தட்டல், கையால் தொடும் அளவுக்கு ஆறவிடல், வேறு பக்கம் அடுத்த தையல். ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளமாக வளைந்துவிடும்.

தையல் சாம்பல் நிறமாக இருந்தால் சூடு அதிகம் அல்லது கேஸ் குறைவு. கரி படிந்தால் கேஸ் வரவே இல்லை. டங்ஸ்டன் ஊதாவாக மாறினால் சுவிட்சை விட்ட பிறகு வரும் கேஸ் போதவில்லை. படபடவென்று பொரிந்தால் அடிப்பக்கத்துத் துருவைப் பாருங்கள்.

சர்வீஸ் பள்ளத்துக்குள் இறங்கி இந்த வேலை செய்யாதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கி மூச்சை அடைக்கும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை, 9 அல்லது 10 ஷேடு கண்ணாடி கட்டாயம்.

தட்டி முடித்ததும் 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க்கால் லேசாகத் தேய்த்து, அன்றைக்கே இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர் அடியுங்கள். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது என்று விட்டால், அடுத்த மழையில் துரு அங்கிருந்துதான் ஏறும்.