பணிச்சோர்வு: டியூட்டி டாக்டர்கள் செய்ய வேண்டியது

தூங்கி எழுந்தும் களைப்பு தீரவில்லை, நோயாளியின் பெயர் போய் ‘ஆறாம் பெட்’ மட்டும் நினைவில் நிற்கிறது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அல்ல, வேலையால் வரும் நிலையாகவே வகைப்படுத்தியது. அதனால் தியான வகுப்பு மட்டும் போதாது. டியூட்டி பட்டியலும் மாற வேண்டும்.

நைட் டியூட்டிக்கு முன் 90 நிமிடம் படுத்து எழுங்கள். இடையில் வாய்த்தால் அலாரம் வைத்து 20 நிமிடம். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேர்ந்து தலை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் மருந்தளவு தப்பும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள். காலையில் வண்டி ஓட்ட வேண்டாம்.

டியூட்டி முடிந்து நோயாளிகளை அடுத்த டாக்டரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரை எழுதியே கொடுங்கள்: யார் மோசமாகலாம், எந்த ரிசல்ட் பாக்கி, வந்தால் என்ன செய்வது. எழுதாமல் விட்டது வீட்டுக்கும் கூடவே வரும்.

‘கஷ்டமாக இருக்கிறது’ என்றால் பட்டியல் மாறாது. இரண்டு வாரம் வந்த நேரம், போன நேரம், தவறிய சாப்பாடு எல்லாவற்றையும் குறித்து, நாலைந்து பேராகப் போய், பட்டியல் போடுபவரிடம் காட்டுங்கள்.

லீவிலும் மனம் தெளியாமல் இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நண்பரிடம் மாத்திரை எழுதி வாங்காதீர்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.